உப்பும் நீரும் உயிரும்

மன்னார் என்றவுடன் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவன வெயில், உப்புக் காற்று, கருவாடு, வீதியோரங்களிற் கூட்டமாக நிற்கும் கழுதைகள் ஆகியனவே. இலங்கையில் மழை மிகக் குறைந்த பகுதிகளுள் இதுவும் ஒன்று. ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ ஆயிரம் மில்லிமீற்றர் மழையே. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையுள்ள மாதங்களிற் பெய்து தீர்ந்துவிடும். எஞ்சிய காலமெல்லாம் வானம் வெளிறிக் கிடக்கும். நிலம் வெடித்துக் கிடக்கும். இத்தகைய நிலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்போர் தை மாதத்தில் ஒருமுறை அங்கே சென்று பார்த்தல் வேண்டும். நாமும் அவ்வாறே சென்றோம்.

எமது குழுவிற் பள்ளி மாணவர் சிலரும் இருந்தனர். விஞ்ஞான பாடத்திற் சூழற்றொகுதி என்பதைப் படித்து முடித்திருந்தவர்கள் அவர்கள். ஏட்டின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கத்தில் மரம், மீன், பறவை, நண்டு, பற்றீரியா என உயிருள்ள கூறுகளையும், வலப்பக்கத்தில் நீர், மண், உப்பு, காற்று, வெயில் என உயிரற்ற கூறுகளையும் நிரலாக எழுதிவைத்திருந்தனர். பரீட்சைக்கு அது போதும். ஆயினும், சூழற்றொகுதி என்ற கருத்தை 1935 ஆம் ஆண்டில் உலகுக்கு வழங்கிய ஆங்கிலத் தாவரவியலறிஞர் ஆதர் தான்சிலி வற்புறுத்திய உண்மை வேறு. உயிரினங்களை அவை வாழும் சூழலினின்றும் பிரித்தெடுத்து அறிதல் இயலாது. இரண்டும் சேர்ந்த முழுமையே இயற்கையின் அலகு என்றார் அவர். மாணவரின் ஏட்டிலுள்ள அந்தக் கோடு நிலத்தின்மீது எங்கே செல்கிறது என்று தேடிப் பார்ப்பதே எமது பயணத்தின் நோக்கமாயிற்று.

கட்டுக்கரையின் நீர்

மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதி வரண்ட காடுகளினூடே நெடுந்தூரம் ஓடி, மடு வீதியைக் கடந்து, முருங்கனை நெருங்கும்போது திடீரெனக் கண்முன் ஒரு கடல் விரிகின்றது. அது கடலன்று, கட்டுக்கரைக்குளம். இராட்சத குளம் என்று பிறர் வழங்குவதும் இதனையே. ஐந்தாம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேன மன்னனோடு தொடர்புபடுத்தப்படும் இக்குளம், நெடுங்காலம் பாழடைந்து கிடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயராற் புதுக்கப்பெற்றது.

இந்நீர் இவ்விடத்து மழையினால் மட்டும் வந்ததன்று. அநுராதபுரத்தைத் தழுவி வரும் மல்வத்து ஓயா, நம்மவர் நாவில் அருவி ஆறு, 164 கிலோமீற்றர் நீளமுடையது. அந்த ஆற்றைத் தேக்கம் என்னுமிடத்தில் அணைகட்டி மறித்து, கால்வாய் வழியாக இக்குளத்துக்குக் கொண்டுவந்துள்ளனர். எங்கோ உள்நாட்டு மலைச்சாரலிற் பெய்த மழை, வழியிலுள்ள காடுகளின் சருகையும் வண்டலையும் கரைத்துக்கொண்டு இங்கே வந்து தங்குகின்றது. வண்டலிலுள்ள நைதரசனும் பொசுபரசும் நீரில் மிதக்கும் நுண்ணிய பாசிகளுக்கு உணவாகின்றன. பாசியைச் சிறு பூச்சிகள் தின்ன, பூச்சிகளை மீன்கள் தின்ன, மீன்களை நீர்க்காகமும் கூழைக்கடாவும் முதலையும் தின்கின்றன. 1954 ஆம் ஆண்டிலேயே இக்குளம் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

குளக்கட்டில் எம்மோடு உரையாடிய முதிய கமக்காரர் ஒருவர் நாம் நினையாத ஒன்றைச் சொன்னார். கோடையிற் குளம் வற்றுவதும் நன்மைக்கே என்றார். எவ்வாறெனில், நீர் வற்றிய தரையிற் புல் முளைக்கும். மாடுகள் வந்து மேயும். அவற்றின் சாணமும் காய்ந்த புல்லும் தரையிற் கிடக்கும். மறுமழைக்கு நீர் ஏறும்போது அவையெல்லாம் அழுகிக் குளத்துக்கு எருவாகும். அவ்வாண்டு மீன் செழிக்கும். பிரிகையாக்கிகள் என்று மாணவர் ஏட்டில் எழுதிய சொல்லுக்கு அப்பெரியார் பெயரறியாமலே பொருளுரைத்தார்.

வெடிக்கும் மண்

குளத்தின் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் பரந்து கிடக்கின்றன. தை மாதத்திற் கதிர் தலைசாய்ந்து பழுக்கத் தொடங்கியிருந்தது. முருங்கன் பகுதியின் மண் கறுத்த களிமண். ஈரம் பட்டால் உப்பிப் பாகுபோல் ஒட்டும். காய்ந்தால் கை நுழையுமளவுக்குப் பிளந்துவிடும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய நாட்களில் இக்களிமண்ணே புகையிரதத்தில் ஏற்றிச் செல்லப்பட்டதென்பது முதியோர் பலருக்கு நினைவிருக்கலாம்.

இம்மண் நீரை எளிதில் வடியவிடாது. நெல்லுக்கு வேண்டியதும் அதுவே. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் இத்தகைய வயலை அமைக்க முயன்றால் நீர் அனைத்தும் கீழேயுள்ள சுண்ணக்கல்லினுள் இறங்கி மறைந்துவிடும். மண்ணின் இயல்பு பயிரைத் தெரிவுசெய்கின்றது. பயிர் ஊரின் தொழிலைத் தெரிவுசெய்கின்றது. ஊரார் பேச்சிற் கலக்கும் காலபோகம், சிறுபோகம் என்னும் சொற்கள்கூட மழையும் மண்ணும் சேர்ந்து எழுதிக் கொடுத்தவையே.

சேற்றின் செல்வம்

வயல்களிலிருந்து வடியும் நீரும் தாழ்நிலத்து மழைநீரும் மேற்கே கடலை நாடுகின்றன. தரை மெல்ல மெல்லத் தாழ, நெல் மறைந்து முட்பற்றைகள் தோன்றுகின்றன. முட்பற்றைகளும் மறைந்து உமரிப் பூண்டு செந்நிறமாகப் படர்ந்த உவர்வெளி தோன்றுகின்றது. அதற்கப்பால் மினுமினுக்கும் சேறும் ஆழமற்ற நீரும். இதுவே வங்காலைச் சரணாலயம். 2008 ஆம் ஆண்டிற் சரணாலயமாகி, 2010 இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட 4,839 ஹெக்டேயர் பரப்பு.

வாகனத்தைவிட்டு இறங்கியதும் முதலில் எம்மை வரவேற்றது அழுகிய முட்டையின் நாற்றம். மாணவர் மூக்கைப் பொத்திக்கொண்டனர். அதன் காரணத்தை ஆராய்ந்தபோது நாற்றமும் ஒரு பாடமாயிற்று. கறுத்த சேற்றினுள் ஒட்சிசன் இல்லை. அங்கு வாழும் ஒருவகைப் பற்றீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேற்றைக் கொண்டே இறந்த இலைகளையும் உடல்களையும் சிதைத்து உயிர்வாழ்கின்றன. அப்பொழுது வெளிப்படுவதே ஐதரசன் சல்பைட்டு என்னும் இவ்வாயு. சேறு கறுப்பதும் அவ்வாயு இரும்போடு சேர்வதனாலேயே. உயிரற்ற சேறு என்று ஏட்டின் வலப்பக்கத்தில் எழுதியிருந்த மாணவி ஒருத்தி, அதனை அடித்துவிடலாமா என்று கேட்டாள். ஒரு பிடி சேற்றில் எண்ணிலடங்கா உயிர்கள் இருக்கையில் அதனை எப்பக்கத்தில் எழுதுவது?

சேற்றுக்கு அப்பால், நீரின் நடுவே, இளஞ்சிவப்பாக ஒரு கரை தெரிந்தது. தொலைநோக்கியை வைத்துப் பார்த்தபோது கரை நடந்தது! ஆயிரக்கணக்கான பூநாரைகள் தலையைத் தலைகீழாக நீரிற் கவிழ்த்து, அலகினால் நீரை உறிஞ்சி வெளியேற்றி, உள்ளே சிக்கும் சிற்றுயிர்களையும் பாசிகளையும் உண்டுகொண்டிருந்தன. பறவையின் நிறம் பறவைக்குச் சொந்தமானதன்று. உவர்நீரில் வாழும் நுண்பாசி சூரிய ஒளியின் துணையோடு ஒரு செம்மஞ்சள் நிறப்பொருளை ஆக்குகின்றது. பாசியைச் சிற்றிறால் உண்கின்றது. சிற்றிறாலைப் பூநாரை உண்கின்றது. அந்நிறமே ஈற்றில் இறகில் ஏறுகின்றது. குஞ்சுகள் சாம்பல் நிறமாயிருப்பது இதனாலேயே. வெயிலும் உப்பும் நீரும் சேர்ந்து இறகாகிப் பறக்கும் விந்தையை வேறெங்கு காண்போம்!

பூநாரைகள் மட்டுமல்ல. ஊசிவால் வாத்துக்களும் பிற நீர்வாத்துக்களும் கரும்புள்ளிகளாக நீரை மூடிக் கிடந்தன. இவற்றுட் பல வடக்கே உறைபனி மூடும் நாடுகளிலிருந்து வந்தவை. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் மன்னாரிற் பிடித்துச் சிறு கருவி பொருத்தி விடுத்த கடற்காகம் ஒன்று, 2021 ஆம் ஆண்டில் ரஷ்யாவின் வடதுருவப் பகுதியிலுள்ள யாமல் குடாநாடுவரை சென்று மீண்டது. யாமலின் கோடையும் வங்காலையின் மாரியும் ஒரே பறவையின் வாழ்வில் இரு பாதிகள்.

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவரிடம், "ஐயா, இவ்வளவு பறவைகளும் உங்கள் மீனையும் இறாலையும் தின்றுவிடுமே, உங்களுக்குக் கோபம் வராதா?" என்று வினவினோம்.

அவர் சிரித்தார். "தம்பி, அதுகள் வராத வருசத்திலை எங்களுக்கும் இறால் இல்லை" என்றார்.

மழை பொய்த்தால் களப்பிற் புதுநீர் சேராது, உப்பு அளவுக்கு மிஞ்சும், இறாற்குஞ்சு வளராது, பறவையும் வராது. பறவையும் மீனவனும் போட்டியாளர் போலத் தோன்றினாலும் ஒரே மழையை நம்பியிருக்கும் அயலவர்.

உப்பை வென்ற மரம், உப்பை விளைக்கும் மனிதன்

களப்பின் ஓரங்களிற் கண்டல் மரங்கள் அடர்ந்துள்ளன. கடல்நீரில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அந்நீரை ஊற்றினால் நம் வீட்டுத் தோட்டத்துக் கத்தரி ஒருநாளில் வாடிவிடும். கண்டலோ அதிலேயே வேரூன்றி நிற்கின்றது. கண்ணா மரத்தின் இலையொன்றைப் பறித்து நாவில் வைத்துப் பார்த்த மாணவன் முகஞ்சுளித்தான். மரம் தான் உறிஞ்சிய உப்பை இலைவழியே வெளியேற்றியிருந்தது. சேற்றில் ஒட்சிசன் இல்லாமையால் அதன் வேர்கள் பென்சில்களை நட்டதுபோல் மேல்நோக்கி எழுந்து காற்றைச் சுவாசிக்கின்றன. அவ்வேர்களிடையே நீரின் வேகம் குறைய, வண்டல் படிந்து புதிய நிலம் உண்டாகின்றது. சூழலுக்கு ஏற்ப மரம் தன்னை அமைத்துக்கொண்டது. பின்னர் அந்த மரமே சூழலை மாற்றி அமைக்கின்றது.

மன்னார்ப் பகுதியின் உப்பளங்களில் மனிதன் இதே வெயிலையும் காற்றையும் வேலைக்கமர்த்தியுள்ளான். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி ஆவியாக விடும்போது முதலிற் படிவது ஜிப்சம். பின்னரே கறியுப்புப் படிகின்றது. ஈற்றில் எஞ்சும் கைப்பான நீரில் மக்னீசிய உப்புக்கள் நிறைந்திருக்கும். அதனை வடித்துவிடாவிடின் உப்பும் கைக்கும். ஆகவே எந்த வேளையில் மடையைத் திறப்பது என்பதே உப்பளத்தொழிலின் நுட்பம். காலந்தவறி ஒரு மழை பெய்தால் வாரக்கணக்கான உழைப்பு ஒரு நாழிகையிற் கரைந்து போகும். வயற்காரன் வேண்டிநிற்கும் மழையை உப்பளத் தொழிலாளி அஞ்சுகின்றான். இருவரும் சில மைல் தூரத்தில் வாழ்கின்றனர்.

மணலின்மேல் ஒரு தீவு

பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் தாம்போதி ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளமானது. அதைக் கடந்து நகரினுட் புகுந்து பள்ளிமுனைக்குச் சென்றால் புகழ்பெற்ற பெருக்க மரத்தைக் காணலாம். ஆபிரிக்காவைத் தாயகமாகவுடைய இம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ பத்தொன்பதரை மீற்றர். உயரமோ மிகக் குறைவு. மழைக்காலத்தில் நீரைத் தன் பருத்த உடலிற் சேமித்துக் கோடையைக் கழிக்கும் இதனை மரமென்பதா, குளமென்பதா?

தீவின் பெரும்பகுதி தாழ்ந்த மணல் நிலம். ஆறு இல்லை, மலை இல்லை. சுற்றிலும் உப்புக் கடல். ஆயினும் கிணறுகளில் நல்ல தண்ணீர் கிடைக்கின்றது. அதன் இரகசியம் மணலில் இருக்கின்றது. பெய்த மழை மணலினூடே இறங்கி, கீழுள்ள உப்புநீரைவிடப் பாரங்குறைந்ததாகையால் அதன்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழம்வரை உப்புநீரை அழுத்தி வைக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேலே ஒரு மீற்றரை இழந்தால் கீழே நாற்பது மீற்றர் உப்பு ஏறிவரும். தீவின் பனைகளும் தென்னைகளும், ஆடுகளும் கழுதைகளும், குடம் சுமக்கும் தாய்மாரும் நம்பியிருப்பது மணலிடையே மறைந்து கிடக்கும் இந்த மெல்லிய நீர்வில்லையையே.

கடலடிப் புல்வெளி

தலைமன்னாரை அடைந்தபோது காற்று ஆளைத் தள்ளியது. இவ்வூரார் காற்றைப் பெயர்சொல்லி அழைப்பர். சோளகம் வீசும் மாதங்களிற் தெற்கேயுள்ள மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வடக்கேயுள்ள பாக்கு விரிகுடா அமைதியாகும். வாடை பிறந்தால் நிலைமை மாறும். காற்றுக்கேற்ப மீனவர் தீவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாறித் தொழில் செய்வர். 1964 ஆம் ஆண்டு மார்கழிப் புயலில் எதிர்க்கரையிலிருந்த தனுஷ்கோடி அழிந்தமையும், தலைமன்னாருக்கும் சேதம் விளைந்தமையும் இக்காற்றின் மறுமுகம்.

இங்கிருந்து இந்தியக் கரையை நோக்கி மணற்றிட்டுக்கள் வரிசையாகச் செல்கின்றன. அவற்றின் இருபுறமுமுள்ள ஆழமற்ற கடலின் அடியிற் புல்வெளிகள் உள்ளன. இவை பாசியல்ல, வேரும் பூவும் உள்ள உண்மையான கடற்புற்கள். சூரிய ஒளி அடிவரை எட்டினாலன்றி இவை வாழா. ஆகவே நீர் தெளிவாயிருத்தல் இன்றியமையாதது. இப்புல்லை மேய்ந்து வாழ்வதே ஆவுளியா எனப்படும் கடற்பசு. சாதுவான இப்பெரும் பிராணி நாளொன்றுக்கு முப்பது கிலோவுக்குமேல் புல் மேயும்; மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரேயொரு கன்றை ஈனும். இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டு அருகிவிட்ட இதனைச் சட்டம் காக்கின்றது. ஆயினும் புல்லைக் காக்காமற் பசுவை எவ்வாறு காப்பது? கடலடியை உழுதுசெல்லும் இழுவைமடி புல்லையும் வேரோடு பறித்து, சேற்றையும் கிளறி ஒளியையும் மறைக்கின்றது. இலங்கையில் 2017 ஆம் ஆண்டிலேயே இம்முறை சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது. எல்லை தாண்டிவந்த படகுகளால் இத்தடைக்குப் பின்னரும் வடகடல் மீனவர் வலையையும் வாழ்வையும் இழந்தமை நாமெல்லோரும் அறிந்ததே.

அளவு மாறினால்

தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் வானளாவிச் சுழல்கின்றன. 2020 ஆம் ஆண்டு மார்கழியில் திறந்துவைக்கப்பட்ட இத்திட்டத்தின் கொள்ளளவு 103.5 மெகாவாற்று. எண்ணெயும் நிலக்கரியும் எரிக்காமல் மின்சாரம் பெறுவது நாட்டுக்கு நன்மை என்பதை மறுப்பாரில்லை. ஆனால், காற்றுக்காக மனிதன் தெரிந்தெடுத்த கரையையே அதே காற்றுக்காகப் பறவைகளும் தெரிந்தெடுத்துள்ளன. மேலும் காற்றாலைகள் அமைக்கவும் கனிய மணல் அகழவும் முயற்சிகள் எழுந்தபோது, 2025 ஆம் ஆண்டில் மன்னார் மக்கள் வீதியிலிறங்கித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். மழைநீர் வடியும் வழிகள் அடைபடும், கிணற்றுநீர் உவராகும், கரைவலைப்பாடு பாதிக்கப்படும் என்பவை அவர்கள் கூறிய காரணங்கள். மேலே நாம் கண்ட நீர்வில்லையை நினைவிற்கொள்வோர்க்கு அவ்வச்சம் வீணானதாகத் தோன்றாது. மணல் என்பது அள்ளி விற்கும் பொருளென்று கணக்கிடுவோர், அதுவே தீவின் தண்ணீர்த் தொட்டி என்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

அருகிலுள்ள விடத்தல்தீவின் கதையும் இத்தகையதே. 2016 இல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட அக்கண்டற் கரையின் ஒரு பகுதியை நீருயிரின வளர்ப்புக்காக விடுவிக்க 2024 இல் வர்த்தமானி வெளிவந்தது. சுற்றாடல் அமைப்புக்கள் வழக்கிட்டன. உயர் நீதிமன்றம் அவ்வாண்டிலேயே அதனை இடைநிறுத்தியது. பண்ணையில் வளர்க்கும் இறாலுக்கும் முதற் பள்ளிக்கூடம் கண்டல் வேரே என்பதை மறந்து கண்டலை வெட்டினால் முதலும் போகும், வட்டியும் போகும்.

மன்னார்க் கடலே இதற்குப் பழைய சான்று ஒன்றையும் வைத்திருக்கின்றது. சிலாவத்துறைக் கடலில் 1905 ஆம் ஆண்டில் முத்துக்குளிப்புப் பெருவிளைவு தந்தது. அதனைக் கண்டு 1906 இல் ஆங்கிலக் கம்பனி ஒன்று முத்துப் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சிப்பி அதன்பின் விரைவிலேயே அற்றுப்போயிற்று. குத்தகைப் பத்திரம் மட்டும் எஞ்சியது. சிப்பி வாழப் பாறை வேண்டும், தெளிந்த நீர் வேண்டும், மணல் மூடாத நீரோட்டம் வேண்டும், பெருக அவகாசம் வேண்டும். இவற்றுள் எதனையும் பத்திரம் எழுதி வாங்க முடியாது.

திரும்பும் வழியிற் பஸ்ஸினுள் மாணவர் தம் ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தனர். நடுவிலிருந்த கோட்டை அழித்துவிட்டு, இருபுறத்துச் சொற்களையும் அம்புக்குறிகளால் இணைத்தனர். மழையிலிருந்து குளத்துக்கு ஒன்று. குளத்திலிருந்து வயலுக்கு ஒன்று. சேற்றிலிருந்து இறாலுக்கும், இறாலிலிருந்து இறகுக்கும், மணலிலிருந்து கிணற்றுக்கும் ஒவ்வொன்று. பக்கம் முழுவதும் அம்புகளால் நிறைந்து சொற்களே மறைந்துபோயின. மனிதன் என்ற சொல்லை எங்கே எழுதுவது என்று ஒரு சிறுவன் வினவினான். அம்புகள் மிகுதியாகச் சந்திக்கும் இடத்தில் எழுது என்றோம். அங்கே எழுதப்படுவோர் பெருமை கொள்ளலாம். பொறுப்பையும் மறவாதிருத்தல் வேண்டும்.

வாசகர்கள் விடுமுறை நாட்களிற் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தை, மாசி மாதங்களில் ஒருமுறை மன்னாருக்குச் சென்றுவருதல் நன்று. தொலைநோக்கி ஒன்றும், குடிநீரும், தொப்பியும் இருந்தாற் போதும். பறவைகளைத் துரத்தாமலும், பிளாஸ்ரிக் கழிவுகளை விட்டெறியாமலும் தூரநின்று பார்த்து மகிழ்க. அங்கே அவர்கள் காண்பது பாடநூலின் ஓர் அத்தியாயம். அதனை எழுதிய மழையும் மண்ணும் உப்பும் காற்றும் இன்னும் எழுதிக்கொண்டேயிருக்கின்றன.